களத்துமேட்டில் ஏழாவது மாடி

மாமனார் வீட்டில் மருமகன்கள் மானத்தை இழக்கும் வழிகள் பல உண்டு. சிலர் சீட்டாடி இழக்கிறார்கள், சிலர் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடி இழக்கிறார்கள். நான் அரை மூட்டை சுண்ணாம்புத் தூளை வைத்து இழந்தேன். அதுவும் பட்டப்பகலில், கடத்தூருக்குப் பக்கத்தில், பாதி ஊர் வேடிக்கை பார்க்க.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன் வேலை. (நாள் முழுக்கக் கோடு போடுகிறவன் என்று சொன்னால் பெண் வீட்டில் மதிப்பிருக்காது என்பதால், 'இன்ஜினியருக்கு அடுத்தபடி' என்று சொல்லி வைத்திருந்தேன். எத்தனை படி என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.) கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தது. ஆனால் நானும் என் மனைவி பிலோமினாவும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு முழுப் பரீட்சை லீவு அளவுக்குக்கூட வராது. நான் திருவல்லிக்கேணியில் ஆறு பேரோடு ஓர் அறையில்; அவள் தன் அப்பா அம்மாவோடு ஊரில். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்த் திருவிழா என்று வருடத்துக்கு மூன்று தடவை பார்த்துக்கொள்வோம். கூச்சம் விட்டுப் பேச ஆரம்பிக்கும்போது எனக்குப் பஸ் வந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் கம்பெனி தன் ஊழியர்களுக்காகக் கட்டிய எட்டு மாடிக் கட்டடத்தில், ஏழாவது மாடியில் ஒரு வீடு என் பெயருக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை. ஒரு மாதத்துக்குள் குடும்பத்தோடு குடியேற வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் என் பக்கத்து மேஜைக்காரன். தினமும் காலையில் வந்ததும், "என்ன, சம்சாரம் கிளம்பிட்டாங்களா?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்பான். இல்லை என்று சொன்னால் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

சம்சாரம் என்றைக்கோ கிளம்பத் தயார். அவள் வீட்டார்தான் தயாராக இல்லை. கடத்தூர்ப் பக்கம் அன்றைக்கு மாடி வீடு என்றாலே ஒரு மாடிதான், அதிலும் மிளகாய்தான் காயும். மனுஷன் போய் அங்கே குடும்பம் நடத்துவான் என்பதை என் மாமனாரால் நம்ப முடியவில்லை.

"ஏழு மாடின்னா நம்ம கோயிலு மணிக்கூண்டு ஒசரம் வருங்களா மாப்ள?"

"அதுக்கும் மேலங்க மாமா."

"மேலயா! அங்க போயி எப்பிடிங்க தூக்கம் வரும்?"

மாமனாரையாவது எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் மாடு வாங்குவது முதல் பெண் கொடுப்பது வரை எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் அவருடைய அண்ணன். பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்தார். நான் அவரைப் பெரிய மாமா என்பேன். ஆறடி உயரம், வெள்ளை மீசை, வெயிலில் வந்தாலும் கசங்காத வேட்டி. சேலத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனவர், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அவர் தம்பிக்குச் சொல்லியனுப்பிய தீர்ப்பு ஒரே வரி: "கண்ணால பாக்காத வூட்டுக்குப் பொண்ண அனுப்பறதில்ல." சென்னைக்கு வந்து பாருங்கள் என்றால், அவ்வளவு தூரம் வர நேரமில்லை என்றும் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? கையைப் பிடித்துக் கெஞ்சியிருப்பான். நான் டிராப்ட்ஸ்மேன் ஆயிற்றே! பெரிய மாமா வீட்டுக்கு வரமுடியாவிட்டால் வீட்டை அவரிடம் கொண்டுவந்து காட்டுவேன் என்று சபதம் செய்தேன். வீட்டின் வரைபடத்தை நகல் எடுத்துக்கொண்டு பத்து நாள் லீவில் ஊருக்கு வந்தேன். அறுவடை எல்லாம் முடிந்து மாமனாரின் களம் காலியாகக் கிடந்தது. அதன் நடுவே, ஓரடிகூடக் குறையாமல், அந்த வீட்டை அப்படியே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு இறக்கினேன்.

முன்கூடம், படுக்கையறை, சமையலறை, பால்கனி. சுவருக்கு இரட்டைக் கோடு. வாசலுக்கு இடைவெளி. எல்லா அறைக்கும் உள்ளே கொட்டை எழுத்தில் பெயர் எழுதினேன். ஓர் அறையில் மட்டும் எழுதவில்லை. ஆறடிக்கு ஐந்தடி, சமையலறையை ஒட்டி. குளிக்கவும் மற்றதற்கும் சேர்த்து ஒரே அறை.

பிலோமினா அதைக் கவனித்துவிட்டாள். வரைபடத்தை அவள் என்னைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தாள். "பெரியப்பாகிட்ட உண்மையச் சொல்லிப்புடுங்க. பொறவு தெரிஞ்சா வம்பு."

"நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். (என் வாழ்க்கையில் நடந்த எல்லாக் கேடும் இந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் நடந்திருக்கிறது.)

களத்துக்கு வேண்டுமானால் வந்து பார்க்கிறேன் என்று பெரிய மாமா சொல்லியனுப்பினார். அவர் வருவதற்கு முந்தின இரண்டு நாளும் ஒத்திகை நடந்தது. கோட்டை மிதித்து வருகிறவர்களை நான் விரட்டினேன். "சுவர் வழியா வராதீங்க, வாசல் அந்தப் பக்கம்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. மாமியார் நல்லவர். ஒருநாள் முழுக்க வாசல் வழியாகவே போய்வந்தார். சமையலறையில் நின்று இல்லாத அடுப்பில் இல்லாத குழம்பைக் கிளறிப் பார்த்து, கை வீச இடம் போதாது என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து மெட்ராஸ் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கோழிகள் மட்டும் சுவரை மதிக்கவே இல்லை.

பால்கனியில் நின்றால் கடல் தெரியும் என்று நான் சொன்னதை நம்பி மாமியார் போய் எட்டிப் பார்த்தார். "எனக்கு நம்ம எருமதாங்க தெரியுது" என்றார்.

லிப்ட்டையும் விடவில்லை. வாசலுக்கு வெளியே ஒரு சதுரம் போட்டு, மாமனாரை அதற்குள் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி இருபது வரை எண்ணினேன். முடிந்ததும், "ஏழாவது மாடி வந்திருச்சுங்க" என்றேன். அவர் கண்ணைத் திறந்து, என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காலை மெல்ல எடுத்து வெளியே வைத்தார். வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லி ஒரு சோடா குடித்தார். என் திறமையைப் பற்றி எனக்கே பயம் வந்தது.

பெரிய மாமா வந்த அன்று சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. மாமியார் கோழி அடித்துக் குழம்பு வைத்து, களியும் சோறும் ஆக்கியிருந்தார். வந்தவர் களத்தோரம் நின்று என் கோடுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். மீசை அசையவில்லை.

"லிப்ட்டுல வாங்க பெரிய மாமா" என்று சதுரத்தைக் காட்டினேன்.

"பொட்டிக்குள்ள நின்னு போறதெல்லாம் எனக்கு ஒத்துவராதுங்க மாப்ள. படி இல்லீங்களா?"

படி போட நான் மறந்திருந்தேன். சமாளிக்க வேண்டுமே! களத்தோரம் இருந்த புங்கமரத்தைக் காட்டி, அதை ஒருமுறை சுற்றினால் ஒரு மாடி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த மனுஷன் மறுபேச்சில்லாமல் சுற்ற ஆரம்பித்தார். சின்னச் சுற்றாகச் சுற்றினால் ஏமாற்றுவதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, நிழலை விட்டு வெளியே வந்து வெயிலில் பெரிய பெரிய வட்டமாகச் சுற்றினார். மூன்றாவது மாடியில் துண்டை எடுத்து முகம் துடைத்தார். ஐந்தாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். மாமனார் தண்ணீர் கொண்டு ஓடினார். ஏழாவது மாடிக்கு அவர் வந்து சேர்ந்தபோது வேட்டி முதன்முறையாகக் கசங்கியிருந்தது.

வாசல் வழியாக உள்ளே வந்தார். முன்கூடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நான் பயந்த கேள்வி வந்தது.

"வெளிய போறதுக்கெல்லாம் எங்கங்க மாப்ள?"

"அதுக்குத் தனியா எடம் இருக்குதுங்க பெரிய மாமா. தள்ளி." (இரண்டுமே உண்மைதான். தனியாகத்தான் இருந்தது, அடுப்பு மேடையிலிருந்து மூன்றடி தள்ளி.)

"அதான பாத்தேன்" என்றவர், பெயர் எழுதாத அறையைப் பார்த்துவிட்டார். "இது என்ன ரூமுங்க?"

"சாமான் வைக்கிற ரூமுங்க."

சொல்லிவிட்டு பிலோமினா பக்கம் திரும்பவே இல்லை. அவள் பார்வை முதுகில் சுட்டது.

அந்த நேரம் பார்த்துப் புங்கமர நிழல் மொத்தமும் அந்த ஆறடிக்கு ஐந்தடியில்தான் விழுந்துகொண்டிருந்தது. மற்ற அறையெல்லாம் வெயிலில் பொரிந்தது. ஏழு மாடி ஏறிக் களைத்திருந்த பெரிய மாமா நேராக அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அடடா, என்னமா இருக்குது! இந்த ரூமுதான் வூட்டுலயே ஒசத்தி. எலைய இங்கயே போடுங்க."

"பெரிய மாமா, முன்கூடத்துல உக்காந்தா கொஞ்சம் விசாலமா..."

"இதுக்கென்னங்க கொறச்சல்?"

என்ன குறைச்சல் என்று நான் எப்படிச் சொல்வேன்? மாமியார் வாழையிலை போட்டார். பெரிய மாமா நிதானமாக, ரசித்து, இரண்டு உருண்டைக் களியும் அதற்குமேல் சோறும் சாப்பிட்டார். ஈரல் துண்டை எனக்கு நீட்டி, "வாங்க மாப்ள, நீங்களும் உக்காருங்க" என்றார். எனக்குப் பசியில்லை என்றேன். நிஜமாகவே இல்லை. தம்ளரை அவர் வைத்த இடம், வரைபடத்தின்படி, பீங்கான் பதிக்கும் இடம். ஒவ்வொரு தடவை அவர் தம்ளரை எடுக்கும்போதும் நான் எருமைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிலோமினா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

சரி, சாப்பிட்டு எழுந்துவிட்டால் முடிந்தது, மண்ணை வாரிப்போட்டு எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நான் நிமிஷங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பெரிய மாமா கை கழுவி வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்து, அந்த வார்த்தையைச் சொன்னார். நான் இரண்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை.

"வூடு நல்லாத்தான் இருக்குது. பாப்பாவ அனுப்பிடலாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாமனார் என் முதுகில் தட்டினார். அத்தோடு பெரிய மாமா எழுந்து போயிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குக் குடி போவதாக இருந்தாலும், அடுப்புக்கு இடம் பார்ப்பதற்கு முன்னால் மாதா படத்துக்குத்தான் இடம் பார்ப்பார்கள். அந்த இடத்தில் குடும்பமே முட்டி போட்டு ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. பெரிய மாமா சுற்றிலும் பார்த்தார்.

"இவ்ளோ குளுகுளுன்னு இருக்கற ரூம்ல எதுக்குங்க சாமானப் போட்டு அடைக்கணும்? இத சாமி ரூமா வெச்சிருங்க. மாதா படம் இங்க இருக்கட்டும்." தம்ளர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "சின்னவனே, வூட்டுல இருக்கற படத்த எடுத்தா. இப்பவே ஒரு செபம் சொல்லிறலாம்."

சாப்பாடு வேறு, இது வேறு. மாமனார் படத்தை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். மாமியார் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். பெரிய மாமா துண்டை விரித்து முட்டி போட்டார். வேடிக்கை பார்க்க வந்த பெண்களும் கோட்டுக்கு வெளியே முட்டி போட்டார்கள். 'சொல்லிவிடு, சொல்லிவிடு' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கத்தியது. சொன்னால் பெண்டாட்டி வரமாட்டாள், வீடு பக்கத்து மேஜைக்காரனுக்கு என்று இன்னொரு குரல் கத்தியது. நான் கோழைத்தனமாகக் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா, நீ ஏன் நிக்கற? முட்டி போடு" என்றார் பெரிய மாமா.

பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டாள்.

"பெரியப்பா, அங்க படத்த வெக்காதீங்க. அது கக்கூசு."

மாமியார் பாய்ந்து வந்து படத்தைப் பிடுங்கி முந்தானையால் துடைத்தார். பெரிய மாமா முட்டி போட்டபடியே குனிந்து, இலை போட்டிருந்த இடத்தைப் பார்த்தார். அவர் எதை யோசிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அப்ப நான் தின்னது?"

"அதுவும் அங்கதாங்க பெரியப்பா."

மாமனார் என்னைக் காப்பாற்ற முயன்றார். "அண்ணா, இது வெறும் கோடுதானுங்களே? கீழ இருக்கறது நம்ம களத்து மண்ணுதானுங்க."

பெரிய மாமா எழுந்தார். "ரெண்டு நாளா செவுரு செவுருன்னு பொம்பளைங்கள வெரட்டுனாராம். ஏழு மாடின்னு என்னைய வெயில்ல சுத்த வுட்டாரு. அதெல்லாம் நெசம்னா இதுவும் நெசந்தான். இப்ப வந்து மண்ணுன்னா எப்பிடி?"

அவர் கிணற்றடிக்குப் போய் ஏழெட்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பத்துத் தடவை வாய் கொப்பளித்தார். ஈர வேட்டியோடு வந்து துண்டை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பொய் சொல்ற வூட்டுக்குப் பொண்ணு வராது" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

பிலோமினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அழுவாதீங்க. பெரியப்பா எந்தப் பக்கமா வெளிய போனாரு, பாத்தீங்களா?"

"எந்தப் பக்கம் போனா என்ன?"

"வாசலு வழியாப் போனாருங்க. அவ்ளோ கோவத்துலயும் செவுத்த மிதிக்கல. அந்த வூடு அவருக்குப் புடிச்சிருக்குது."

மறுநாளே இருவரும் பஸ் ஏறிப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனோம். பெரிய மாமா எங்களை வாசலில் அரைமணி நேரம் நிற்க வைத்தார். நான் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். வீட்டைக் காட்டும் ஆசையில் இல்லை, பெண்டாட்டியோடு வாழும் ஆசையில் பொய் சொன்னேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் மீசையை நீவிக்கொண்டு கேட்டார்.

"அந்த ரூம யாருங்க கழுவறது?"

"அதுக்கு ஆளு வருவாங்க பெரிய மாமா."

"எவனோ ஒருத்தன் ஏழு மாடி ஏறி வந்து நம்ம அசிங்கத்தக் கழுவிட்டுப் போவணும், நாம செவுத்துக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டு செபம் சொல்லணும், அப்பிடிங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆளும் வேணாம், எம் பொண்ணும் தொடக் கூடாது. கோடு போட்டவரே கழுவட்டும். சாவற வரைக்கும். சம்மதம்னா கூட்டிட்டுப் போங்க."

மாதா மேல் சத்தியம் செய்தேன். சாட்சிக்குப் பிலோமினா இருந்தாள். (அவளைவிடக் கறாரான சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைத்திருக்காது.) திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குக் காது மடல் அவமானத்தில் எரிந்தது. ஆனாலும் இனி பஸ் வந்தால் அவளும் என்னோடு ஏறுவாள் என்று நினைக்க நினைக்க, உலகத்திலுள்ள எல்லாக் கக்கூசையும் கழுவத் தயார் என்றுதான் தோன்றியது. கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஏழாவது மாடியில் பால் காய்ச்சினோம்.

நேரமில்லை என்ற பெரிய மாமா அடுத்த வருடமே சென்னைக்கு வந்தார். ஏழு மாடியும் படியேறியே வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக அந்த அறையைத் திறந்து, மூலை முடுக்கெல்லாம் குனிந்து பார்த்தார். நானும் பிலோமினாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கதவைச் சாத்திவிட்டு வந்து முன்கூடத்தில் உட்கார்ந்து, "எலையப் போடு பாப்பா" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

இப்போது அவர் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் எதைச் சொதப்பினாலும், பாலைப் பொங்கவிட்டாலும், கடன் வாங்கிய வண்டியை இடித்தாலும், 'கோடு போட்டவரே கழுவட்டும்' என்று ஒருத்தர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். தமிழ் சரியாக வராத பேரப்பிள்ளைகளுக்குக்கூட அந்த ஒரு வாக்கியம் மட்டும் தடங்கலில்லாமல் வருகிறது.

நாங்கள் இப்போது மகனோடு பெங்களூரில் பதினான்காவது மாடியில் இருக்கிறோம். முட்டி வலிக்கிறது, ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று போன வாரம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "இன்னும் உசுரோடதான இருக்கீங்க?" என்றாள் பிலோமினா. இந்த வீட்டுக்குக் கோடு போட்டது யாரோ எனக்குத் தெரியாது. மூன்று கக்கூஸ் வைத்திருக்கிறான், பாவி. மூன்றையும் நான்தான் கழுவுகிறேன்.